ஊர் எல்லைக்குள் கடித்த உண்ணி

ஹாஸ்கெல் மில்ஸ் ஊரில் ஒரு நோய் இருக்கிறதா இல்லையா என்பதை மருத்துவர்கள் முடிவு செய்ய விடுவதில்லை. மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, ஊரார் கை தூக்கி முடிவு செய்வார்கள். மெய்ன் மாநிலத்துச் சிற்றூர்களில் ஊர்க்கூட்டத்துக்கு மேல் ஒரு நீதிமன்றம் கிடையாது. பனி வாரும் லாரிக்கு டயர் மாற்றுவதா, கல்லறையில் புல் வெட்டுகிறவருக்குக் கூலி கூட்டுவதா, எல்லாம் அங்கேதான் தீரும். ஒரு வருடம் ஆறு பெருகிப் பாலத்தை மூழ்கடித்தபோது, அந்த வெள்ளம் பக்கத்து ஊரைச் சேர்ந்தது என்று பெரும்பான்மையில் தீர்மானம் போட்டார்கள். வெள்ளம் தன் இஷ்டத்துக்கு வடிந்தது. தீர்மானம் இன்றைக்கும் அமலில் இருக்கிறது.

ரீனா பிங்க்கம் இருபது வருடமாக அந்தக் கூட்டத்துக்குப் போய்வருகிறாள். பள்ளிக்கூடச் சமையல்காரி என்பதால் மதிய உணவுக்குப் பீன்ஸ் வேகவைக்கும் பொறுப்பு அவளுடையது. வெல்லப்பாகு விட்டு, பன்றிக்கொழுப்புத் துண்டு போட்டு, முதல்நாளே அடுப்பில் ஏற்றிவிடுவாள். உள்ளே ஊரார் கத்துவது அடுக்களைக்குக் கேட்கும், சிரித்துக்கொண்டே கிண்டுவாள். இந்த வருடம் கரண்டியை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, புருஷன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. கூட்டத்தின் இருபத்து மூன்றாவது தீர்மானம் அவளுடைய புருஷன்.

வெண்டெல் பிங்க்கம் விறகு வெட்டி விற்பவன். காட்டில் வேலை செய்கிறவனை மான் உண்ணி கடிப்பது புதிய செய்தி இல்லை. கடித்த இடத்தில் வட்டமாகச் சிவக்குமாம். முதுகில் சிவந்திருந்தால் யார் பார்த்தது? முதலில் முழங்கால் வீங்கியது. வயசாகிறது என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். பிறகு விரல்கள் மரத்தன. பிறகு பேச்சின் நடுவில் சொற்கள் காணாமல் போயின. ஒரு அக்டோபர் மாலை, விறகுக் கொட்டகையில் மோட்டார் ரம்பம் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று ரீனா போய்ப் பார்த்தாள். ஓடும் ரம்பத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி வெண்டெல் நின்றிருந்தான்.

"ரீனா, இது எதுக்கு?" என்று கேட்டான்.

அன்றைக்குப் பிடித்த பயம் அவளை விடவில்லை. லைம் நோய் என்று மருத்துவமனையில் கண்டுபிடித்துச் சொன்னபோது, பெயர் கிடைத்ததே என்று அழுதாள். கையில் மெல்லிய குழாய் செருகி, நாலு வாரம் தினமும் மருந்து ஏற்றினார்கள். மூன்றாவது வாரம் வெண்டெல் எழுந்து, காப்பி போட்டு, அவளுக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தான். அந்தக் காப்பி வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கசந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

நாலு வாரம் முடிந்ததும் இன்சூரன்ஸ் நிறுத்திக்கொண்டது. பனிக்காலத்திலேயே காப்பி போடுவது நின்றுபோயிற்று. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மருத்துவர் ஒருவர் ரீனாவிடம் தொலைபேசியில் பேசினார். மிகவும் அன்பான குரல்.

"நாலு வாரம் மருந்து போனா இந்த நோய் போயிடும்மா."

"போகலையே டாக்டர்."

"போயிடுச்சு. இப்ப அவருக்கு இருக்கறது நோய் போனப்புறம் வர்றது."

"சரி, அதுக்கு மருந்து குடுங்க."

"அது நோய் இல்லையேம்மா. நோய்தான் போயிடுச்சே."

"அவர் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு நடக்கறார் டாக்டர்!"

"அது செருப்புச் சம்பந்தப்பட்டது. அதுக்கு எங்க திட்டத்துல இடம் இல்ல," என்று வருத்தத்தோடு சொல்லி, நல்ல நாளாக அமைய வாழ்த்தி, போனை வைத்துவிட்டார்.

பக்கத்து மாநிலத்தில் இன்னொரு மருத்துவர் இருந்தார். மருந்தை இன்னும் கொஞ்ச காலம் ஏற்றிப் பார்க்கலாம் என்றார். "நிச்சயமா சரியாகும்னு என்னால சொல்ல முடியாது. சிலருக்குக் கேக்குது. சிலருக்கு இல்ல. குழாய் வழியா வேற தொற்றும் வரலாம்," என்று அவர் உள்ளதைச் சொன்னது ரீனாவுக்குப் பிடித்தது. அவர் எந்த இன்சூரன்ஸும் வாங்குவதில்லை, கைக்காசுதான். டிராக்டரை விற்று இரண்டு மாதம் ஏற்றினார்கள். வெண்டெல் மறுபடி காப்பி போட்டான். டிராக்டர் தீர்ந்தது, மருந்தும் நின்றது. கடைக்காரர் தன் கல்லாப் பக்கத்தில் வெண்டெல் படம் ஒட்டிய ஊறுகாய் ஜாடியை உண்டியலாக வைத்தார். படத்தில் அவன் பெரிய மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மீனைப் பார்த்துவிட்டு எல்லோரும் எங்கே பிடித்தது என்று கேட்டார்கள்.

அப்போதுதான் லாரபி நிதியின் நினைவு வந்தது. கப்பல் தலைவராக இருந்த லாரபி என்பவர் சாகும்போது, ஊர் நோயாளிகளுக்கென்று ஒரு தொகை எழுதிவைத்துப் போயிருந்தார். அவர் வம்சத்தில் வந்த யூனிஸ் லாரபிதான் தலைமை அறங்காவலர். மற்ற இரண்டு அறங்காவலர்களும் யூனிஸ் தலையசைத்தால் தலையசைப்பார்கள்.

யூனிஸ் தன் வீட்டுக் கூடத்தில் அவர்களை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

"ஆள் நல்லாத்தானே இருக்கார்? கன்னமெல்லாம் சிவந்து?"

"வெளியில குளிரும்மா," என்றாள் ரீனா.

"தலைமுடியும் கொட்டல. பாரு ரீனா, நாங்க இரக்கம் இல்லாதவங்க இல்ல. கேப்டன் இந்தப் பணத்த நோயாளிங்களுக்காக விட்டுட்டுப் போனார். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு உலகப் போர் வந்துச்சு. பேங்கெல்லாம் திவாலாச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு நோயாளி கைபடாம காப்பாத்தி வச்சிருக்கோம்! அது லேசுப்பட்ட காரியமா?"

"ஒருத்தருக்குக் கூடக் குடுக்கலையா?"

"குடுத்தா குறைஞ்சிடுமே. எங்கம்மா காலத்துல ஒருத்தி வந்தா, காச நோய். விசாரணை முடியறதுக்குள்ள தவறிட்டா. நல்ல பண்பான பொண்ணு. நிதிக்கு ஒரு தொந்தரவும் வைக்கல." யூனிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இன்னொண்ணு. 'இந்த ஊரின் நோயால் வாடும் இந்த ஊராருக்கு' அப்படின்னு உயில்ல இருக்கு. வெண்டெல் இந்த ஊர், சரி. நோய் எந்த ஊர்?"

ரீனாவுக்குக் கேள்வி புரியவில்லை. வெண்டெல் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அதை என்ன என்று கேட்டுவிடக் கூடாதே என்பதுதான் அப்போது அவளுடைய ஒரே பிரார்த்தனை.

பிங்க்கம் வீட்டுக் காடு ஊரின் கடைசியில் இருக்கிறது. அதன் நடுவாக எல்லை ஓடுகிறது. எல்லைக் கல்லின் ஒரு முகத்தில் ஹாஸ்கெல் மில்ஸின் எழுத்தும் மறு முகத்தில் பக்கத்து ஊரான வெஸ்ட் ஹாஸ்கெல்லின் எழுத்தும் வெட்டியிருக்கும். சில வருடத்துக்கு ஒருமுறை ஊர்ப் பொறுப்பாளர்கள் எல்லையை நடந்து பார்த்து, கல் நகரவில்லை என்று உறுதி சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்த நடையையும், உண்ணி கல்லுக்கு எந்தப் பக்கம் கடித்தது என்ற விசாரணையையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று முதல் பொறுப்பாளர் கிளைட் வார்ட்வெல் யோசனை சொன்னார். ஏரிக்கரையில் வாடகைக் குடில்கள் வைத்திருப்பவர் அவர். காலத்தை வீணாக்காதவர்.

பனி இன்னும் முழங்கால் அளவுக்கு இருந்தது. யூனிஸ் காரில் சூடு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட, மற்ற மூவரும் பனிக்காலணி கட்டிக்கொண்டு கல்லைத் தேடிப் போனார்கள்.

"வெண்டெல், எந்த மரத்துகிட்ட கடிச்சுது? காட்டு, குறிச்சுக்கறேன்," என்றார் கிளைட்.

"கோடையில கடிச்சுது கிளைட். கடிச்சதே தெரியல," என்றாள் ரீனா.

"உன்னக் கேக்கல ரீனா. கல்லுக்கு இந்தப் பக்கம் கடிச்சிருந்தா நம்ம நோய். அந்தப் பக்கம்னா வெஸ்ட் ஹாஸ்கெல் நோய். அவனுங்க ஏற்கெனவே நம்ம குப்பைமேட்டுல குப்பை கொட்டறானுங்க. நோயையுமா நாம சுமக்கணும்?"

"உண்ணி மான் மேல வருது. மான் ரெண்டு பக்கமும்தான் திரியுது!"

"அதான் சிக்கல். மான் அந்தப் பக்கம் தூங்கிட்டு இந்தப் பக்கம் மேயுது. ராத்திரி எங்க தங்குதோ அதான் நிரந்தர முகவரி. வரிச் சட்டம் அப்படித்தான் சொல்லுது." கிளைட் கேலிக்குச் சொல்லவில்லை. அவர் ஆயுளில் கேலி பேசியதில்லை.

வெண்டெல் கல்லுக்குப் பக்கத்தில் நின்று சுற்றிலும் பார்த்தான். பதினாலு வயதிலிருந்து அவன் வெட்டிய காடு அது. எந்த மேப்பிள் மரம் உள்ளே உளுத்திருக்கிறது என்று தட்டிப் பார்க்காமலே சொல்வான். இப்போது மெல்ல ஒரு முழு வட்டம் திரும்பினான். ரீனாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, கிளைட்டுக்குக் கேட்காதபடி சொன்னான்.

"ரீனா, வீடு எந்தப் பக்கம்?"

புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை மரங்களுக்கு மேல் நன்றாகத் தெரிந்தது. அவள் கையை நீட்டிக் காட்டினாள். இவன் ஒருநாள் தனியாக இங்கே வந்து, திரும்பத் தெரியாமல், பனியில் உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தாள். நினைத்தபின் அந்த நினைப்பைத் துரத்த முடியவில்லை.

"பாத்தியா, அவருக்கே எந்தப் பக்கம்னு தெரியல," என்றார் கிளைட். "சபை முடிவு பண்ணட்டும்."

அப்படித்தான் இருபத்து மூன்றாம் தீர்மானம் உருவாயிற்று. 'நீடித்த லைம் நோய் ஹாஸ்கெல் மில்ஸ் எல்லைக்குள் உள்ளதா என்று பார்த்து, உள்ளதெனில் லாரபி நிதியைத் திறக்க ஊர் வாக்களிக்குமா?'

கூட்டத்தன்று சபைத் தலைவர் ஹோரஸ் டின்ஸ்மோர் கழுத்துப் பட்டை கட்டி, மரச் சுத்தியலோடு மேடையில் நின்றார். சபை விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வீட்டில் மனைவி உப்பை நகர்த்தச் சொன்னால்கூட அதை யாராவது வழிமொழிகிறார்களா என்று பார்ப்பார் என்று ஊரில் சொல்வார்கள். லாரி டயர் காலையிலேயே தோற்றது. மதியம் பீன்ஸும் சிவப்பு சாசேஜும் சாப்பிட்டு முடித்து, எல்லோரும் கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது இருபத்து மூன்று வந்தது.

முதலில் கிளைட் எழுந்தார்.

"தலைவரே, வெண்டெலும் நானும் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. அந்தப் பாசத்துல சொல்றேன், அவருக்கு இருக்கறது இங்க இல்ல. இருக்குன்னு இன்னிக்கு கை தூக்கினோம்னா நாளைக்கே பாஸ்டன் வரைக்கும் தெரிஞ்சிடும். அப்புறம் எவன் வந்து குடில்ல தங்குவான்? ஒரு மனுஷனோட முழங்காலுக்காக ஒரு ஏரியவே பலி குடுக்கறதா?"

கைதட்டல் எழுந்தது. கிளைட் உட்கார்ந்தார். அவருடைய கால்சட்டையின் நுனி காலுறைக்குள் இறுக்கமாகச் செருகியிருந்தது. கூடத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பனி இளக ஆரம்பித்தால் ஊரே அப்படித்தான் நடமாடும். வீட்டுக்கு வந்ததும் புருஷன் பெண்டாட்டியின் முதுகைப் பார்ப்பான், பெண்டாட்டி பிள்ளைகளின் காது மடலைப் பார்ப்பாள். எதற்கென்று யாரும் பேசிக்கொள்வதில்லை.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பால் பண்ணைக்காரி. "எங்க சின்னவளுக்கும் இதான்னு டாக்டர் சொல்றார். ரெண்டு வருஷமா பள்ளிக்கூடம் போகல," என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ரீனாவுக்கு அவளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் கூடம் முழுக்க நாற்காலிகள் கிறீச்சிட்டன. யூனிஸ் லாரபி எழுந்துவிட்டார்.

"கேட்டீங்களா? ஒருத்தருக்குன்னு ஆரம்பிச்சா இப்படித்தான். இருக்குன்னு சொன்னா ஆளாளுக்கு வந்துடும்! இல்லைன்னு சொல்லியே நூறு வருஷம் இந்த ஊரை ஆரோக்கியமா வச்சிருந்தோம்."

பிறகு திருத்தங்கள் வந்தன. நோய் இருக்கிறது, ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுற்றுலாக் காலத்தில் மட்டும் இல்லை என்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். அது ஒருமனதாக நிறைவேறியது. நோயின் பெயரை எடுத்துவிட்டு 'பொதுவான அசதி' என்று போடலாம் என்றார் இன்னொருவர். பொதுவான அசதி எல்லோருக்கும் இருக்கிறது, எல்லோரும் பணம் கேட்பார்கள் என்று அதைத் தோற்கடித்தார்கள். உண்ணியை வெஸ்ட் ஹாஸ்கெல்லே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று மூன்றாமவர் கேட்டது விதிக்குப் புறம்பானது என்று ஹோரஸ் தள்ளிவிட்டார்.

"ரீனா, நீ பேசறியா?" என்று கேட்டார் ஹோரஸ்.

ரீனா எழுந்தாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "அவ்வளவுதான். மருந்து ஓடினா அவர் எங்கிட்ட வர்றார். நின்னா போயிடறார். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்ச தூரம் போறார். திரும்பி வர முடியாத தூரத்துக்குப் போயிடுவாரோன்னு பயமா இருக்கு. தயவுசெஞ்சு கை தூக்குங்க."

காலை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். ஹோரஸ் தொண்டையைச் செருமினார்.

"அச்சம் சபைக்குறிப்புல ஏறாது. ஆனா கேட்டுக்கிட்டோம். தீர்மானத்துக்கு ஆதரவா இருக்கறவங்க கை தூக்குங்க."

ரீனா கையை உயர்த்தினாள். முன்வரிசையில் ஒரு கை, நடுவில் மூன்று, பிறகு சடசடவென்று அவள் எதிர்பார்க்காத இடங்களிலெல்லாம் கைகள். கடைக்காரர், தபால் வண்டிக்காரர், பால் பண்ணைக்காரி, கிளைட்டின் சொந்த மனைவி. கிளைட் மனைவியை முறைத்தார். அவள் சுவரைப் பார்த்தபடி கையை இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ரீனா கண்ணீர் மறைக்க மறைக்க எண்ணினாள். எண்ணுகிறவர்கள் கூடத்தின் இரண்டு பக்கமும் நடந்து எண்ணி அறுபத்தொன்று என்றார்கள்.

"எதிர்க்கறவங்க?"

எதிர்ப்பக்கத்துக் கைகள் கொஞ்சம் தயங்கித்தான் எழுந்தன. ரீனா அவற்றையும் எண்ணினாள். அப்போது தன் வலது காதுக்குப் பக்கத்தில் ஒரு கை உயர்ந்திருப்பதைக் கண்டாள். பெரிய, காய்ப்பேறிய கை. சுண்டுவிரல் நுனி இல்லாத கை.

வெண்டெல் முப்பது வருடமாக எந்தத் தீர்மானத்துக்கும் எதிராகத்தான் கை தூக்குவான். டயர், பாலம், நூலகம், எதுவானாலும் வேண்டாம். அவன் அப்பாவும் அப்படித்தான். இந்த ஊரில் பல குடும்பங்களுக்கு அது பரம்பரைச் சொத்து. மற்றதெல்லாம் அவனை விட்டுப் போய்க்கொண்டிருக்க, இது மட்டும் போகாமல் தங்கியிருந்தது. ரீனா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அதற்குள் எண்ணுகிறவர் அவர்களுடைய வரிசையைத் தாண்டிப் போய்விட்டார்.

"அறுபத்திரண்டு," என்றார் ஹோரஸ். சுத்தியல் விழுந்தது. "நோய் இல்லை."

"தலைவரே!" ரீனா எழுந்து நின்று கத்தினாள். "அவர் தெரியாம தூக்கிட்டார்! அந்த ஓட்டு தப்பு!"

"தெரியாமன்னா?"

"நோயால. புத்தி தடுமாறுது."

"எந்த நோயால?"

"இதே நோயாலதான்!"

ஹோரஸ் மிகவும் சங்கடப்பட்டார். நல்ல மனிதர்தான். "அந்த நோய் இந்த ஊர்ல இல்லைன்னு சபை இப்பத்தான் முடிவு பண்ணிச்சு ரீனா. இல்லாத நோயால ஒருத்தர் தப்பா கை தூக்க முடியாது. சபை முடிவ நானே மீறலாமா?" கூடத்தில் பலர் தலையாட்டினார்கள். சட்டம் தெரிந்த மனிதர் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஆனா ஒரு வழி இருக்கு," என்றார் ஹோரஸ். "ஜெயிச்ச பக்கத்துல ஓட்டுப் போட்ட ஒருத்தர் எழுந்து மறுபரிசீலனை வேணும்னு கேட்டா, மறுபடி எண்ணலாம். வெண்டெல் ஜெயிச்ச பக்கம். அவரே கேக்கலாம். கேட்டா நானே முதல்ல சந்தோஷப்படுவேன்."

ரீனா குனிந்து அவன் காதில் சொல்லப் போனாள். சுத்தியல் இரண்டு தரம் தட்டியது.

"சொல்லிக் குடுக்கக் கூடாதும்மா. அவரே கேக்கணும். வெண்டெல், எழுந்திருங்க. மறுபடி ஓட்டெடுக்கணுமா? ஒரு வார்த்தை சொன்னா போதும்."

வெண்டெல் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தொப்பியைக் கழற்றினான். இந்த ஊரில் பேச எழுகிறவன் அப்படித்தான் செய்வான். அதை அவன் மறக்கவில்லை. கூடமே அவனைப் பார்த்தது. எதிர்த்துக் கை தூக்கியவர்கள்கூடக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். 'வேணும்'னு சொல்லு, வெண்டெல். ஒரு வார்த்தை. ரீனா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளுக்குள் கெஞ்சினாள். அவன் அவளைப் பார்த்துப் புன்னகைத்தான். பழைய புன்னகை.

"தலைவரே," என்றான். குரல் தெளிவாக இருந்தது. "ஒருதரம் முடிவு பண்ணினத கிளறக் கூடாது. ஊர்ப் பணம். எல்லாரும் காலையிலேர்ந்து உக்காந்திருக்காங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டணும். அடுத்ததுக்குப் போங்க."

அன்றைக்கு எழுந்த கைதட்டல்களில் அதுதான் பெரியது. யூனிஸ் லாரபி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "இவரல்லவா குடிமகன்! கேப்டன் இருந்திருந்தா கட்டிப் பிடிச்சிருப்பார்," என்றார். கிளைட் மட்டும் கைதட்டவில்லை. தன் காலுறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹோரஸ் சற்று நேரம் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு விதி வேறு எதற்கும் இடம் தராததால், இருபத்து நான்காம் தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கினார். பள்ளத்துச் சாலையின் மதகுக் குழாய் பற்றியது அது.

வெண்டெல் திருப்தியாக உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டான். மதகைப் பற்றிக் கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டான். பிறகு ரீனாவின் பக்கம் சாய்ந்தான்.

"நம்மோடது எப்ப வருது?" என்று மெதுவாகக் கேட்டான்.

ரீனா அவனுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இனிமேதான்," என்றாள்.